லினக்ஸ் மடிக்கணினிகளில் கம்பியில்லா வலையமைப்பு இயக்கிச் சிக்கல்கள்

லினக்ஸ் மடிக்கணினிகளில் கம்பியில்லா வலையமைப்பு இயக்கிச் சிக்கல்கள் என்பவை, லினக்ஸ் இயக்குதளம் நிறுவப்பட்ட ஒரு மடிக்கணினி வைஃபை எனப்படும் கம்பியில்லா வலையமைப்பைக் கண்டறிய இயலாமலோ, கண்டறிந்தும் அதனுடன் இணைய இயலாமலோ, இணைந்த பின் இணைப்பைத் தக்கவைக்க இயலாமலோ போகும் நிலைகளைக் குறிக்கும். பயனருக்கு இவை அனைத்தும் "இணையம் வரவில்லை" என்ற ஒரே குறையாகத் தோன்றினாலும், உண்மையில் இவை ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல படிகளில் ஏதேனும் ஒன்று செயற்படாமையால் ஏற்படுபவை. எந்தப் படி தவறியது என்பதை வரிசைப்படி சோதித்து அறிவதே சிக்கல் தீர்ப்பின் அடிப்படையாகும்.

இச்சிக்கல்களுள் பெரும்பகுதி லினக்ஸின் குறைபாட்டால் மட்டும் எழுந்தவை அல்ல. சில்லு உற்பத்தியாளர்கள் தங்கள் வன்பொருளின் செயற்பாட்டு விவரங்களை வெளியிட மறுத்தமையும், சில்லுக்குத் தேவையான நிலைபொருளைப் பிறர் பகிரத் தடைவிதிக்கும் உரிமங்களும் இவற்றின் வேர்களாக இருந்துள்ளன. தமிழ்நாட்டில் 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினிகளில் லினக்ஸும் இடம்பெற்றதால், இது விழுப்புரம், திண்டிவனம் போன்ற ஊர்களின் மாணவர்களுக்கும் உரிய பொருளாயிற்று.

குறிப்பு: இக்கட்டுரையில் கட்டளைகள், கர்னல் கூறுகள் ஆகியவற்றின் பெயர்கள் ஒலிப்பின்படி தமிழில் தரப்பட்டுள்ளன. முனையத்தில் அவை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டச்சு செய்யப்பட வேண்டும்.

இணைப்பின் படிகள்

ஒரு மடிக்கணினி கம்பியில்லா முறையில் இணையத்தை அடைவதற்குப் பின்வரும் ஆறு படிகளும் நிறைவேற வேண்டும்.

1. வன்பொருள்: வைஃபை அட்டை பிசிஐ அல்லது யூஎஸ்பி பாட்டையில் கணினிக்குத் தென்பட வேண்டும்.
2. இயக்கி: அச்சில்லுக்குரிய கர்னல் கூறு இருக்க வேண்டும், அது நினைவகத்தில் ஏற்றப்பட வேண்டும்.
3. நிலைபொருள்: சில்லினுள் இருக்கும் சிறு செயலி இயங்குவதற்கான நிரலை, இயக்கி வன்தட்டிலிருந்து எடுத்துச் சில்லினுள் ஏற்ற வேண்டும்.
4. வானொலி: விசையாலோ மென்பொருளாலோ அலைபரப்பி அணைத்து வைக்கப்படாதிருக்க வேண்டும்.
5. இசைவு: அணுகுபுள்ளி பயன்படுத்தும் அலைவரிசை மடிக்கணினியில் அனுமதிக்கப்பட்டிருக்க வேண்டும், கடவுச்சொல் சரிபார்ப்பு நிறைவேற வேண்டும்.
6. முகவரி: திசைவியிடமிருந்து ஐபி முகவரியும் பெயர் வழங்கியின் முகவரியும் கிடைக்க வேண்டும்.

இவற்றுள் இயக்கியும் நிலைபொருளும் பெரும்பாலும் ஒன்றாகக் கருதப்பட்டுக் குழப்பிக்கொள்ளப்படுகின்றன. இயக்கி என்பது கணினியின் மையச் செயலியில் இயங்கும் நிரல். நிலைபொருள் என்பது வைஃபை சில்லுக்குள்ளேயே இயங்கும் நிரல். பல சில்லுகளில் இந்நிரலை நிலையாக வைத்திருக்க நினைவகம் இருப்பதில்லை. ஆகவே கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் அதனைப் புதிதாக ஏற்ற வேண்டியுள்ளது. இயக்கி கட்டற்ற மென்பொருளாக இருந்தும் நிலைபொருள் மூடிய மூலமாக இருப்பது வழமை.

வரலாறு

லினக்ஸ் கர்னல் 1991ஆம் ஆண்டு லினஸ் டோர்வால்ட்சால் வெளியிடப்பட்டது. கம்பியில்லா வலையமைப்புக்கான ஐஇஇஇ 802.11 சீர்தரம் 1997ஆம் ஆண்டில் உருவானது. இன்டெல் நிறுவனம் 2003ஆம் ஆண்டில் சென்ட்ரினோ தொழினுட்பத்தை அறிமுகப்படுத்திய பின்னர் வைஃபை மடிக்கணினியின் இயல்பான உறுப்பாக மாறத் தொடங்கியது. இந்தியாவில் 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைக்கற்றையை உரிமமின்றிப் பயன்படுத்த 2005ஆம் ஆண்டு சனவரியில் அனுமதி அளிக்கப்பட்டது. அதன் பின்னரே வீடுகளிலும் கல்லூரிகளிலும் வைஃபை பரவ வழி ஏற்பட்டது.

அக்காலத்தில் சில்லு நிறுவனங்கள் பல விண்டோஸ் இயக்குதளத்துக்கு மட்டுமே இயக்கிகளை வழங்கின. விண்டோஸ் இயக்கியையே லினக்ஸில் ஏற்றிப் பயன்படுத்த உதவிய என்டிஐஎஸ்ராப்பர் என்ற மென்பொருள் பலருக்கு ஒரே வழியாக இருந்தது. இதில் உள்ளே நிகழ்வதை எவரும் ஆராயவோ திருத்தவோ இயலாது. கர்னல் செயலிழந்தால் காரணம் காண்பதும் அரிது.

பிராட்காம் சில்லுகளுக்கான இயக்கி இத்துறையின் குறிப்பிடத்தக்க முயற்சியாகும். நிறுவனம் விவரங்களைத் தராத நிலையில், தன்னார்வலர்கள் மீள்பொறியியல் முறையில் அதனை உருவாக்கினர். ஒரு குழுவினர் மூடிய இயக்கியை ஆராய்ந்து சில்லின் செயற்பாட்டை விவரக்குறிப்பாக எழுதினர். மூடிய நிரலைப் பாராத மற்றொரு குழுவினர் அவ்விவரக்குறிப்பை மட்டும் கொண்டு புதிய நிரலை எழுதினர். பதிப்புரிமை மீறல் நேராமல் இருக்கவே இவ்வாறு இரு குழுக்களாகப் பிரிந்து பணியாற்றினர். இதன் விளைவான பிசிஎம்43எக்ஸ்எக்ஸ் இயக்கி 2006ஆம் ஆண்டு வெளியான 2.6.17 கர்னலில் சேர்க்கப்பட்டது. இதன் வழிவந்த பி43 இயக்கி 2008ஆம் ஆண்டு சனவரியில் வெளியான 2.6.24 கர்னலில் இடம்பெற்றது. 2010ஆம் ஆண்டு செப்டம்பரில் பிராட்காம் நிறுவனமே தன் புதிய சில்லுகள் சிலவற்றுக்குத் திறந்த மூல இயக்கியை வெளியிட்டது.

2007ஆம் ஆண்டு வெளியான 2.6.22 கர்னலில் மேக்80211 என்ற பொதுக் கட்டமைப்பு சேர்க்கப்பட்டது. ஒவ்வோர் இயக்கியும் வைஃபை நெறிமுறை முழுவதையும் தனித்தனியே எழுத வேண்டிய தேவையை இது நீக்கியது. ஆதரோஸ் நிறுவனம் 2008ஆம் ஆண்டில் ஏடிஎச்9கே என்ற கட்டற்ற இயக்கியைத் தானே வெளியிட்டது. இது அதே ஆண்டின் 2.6.27 கர்னலில் சேர்ந்தது. இவ்வியக்கியின் பிசிஐ வகைச் சில்லுகளுக்குத் தனி நிலைபொருள் கோப்பு எதுவும் தேவையில்லை. ஆதலால் இச்சில்லுகள் லினக்ஸ் பயனர்களிடையே நீண்ட காலம் விரும்பப்பட்டன.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் அரசுத் துறை நிறுவனமான எல்காட், 2007ஆம் ஆண்டளவில் தன் கணினிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது. சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007ஆம் ஆண்டு வெளியானது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான ஆதரவு இதன் முதன்மையான சிறப்பாகும்.

2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்டது. அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பயின்ற மாணவர்களுக்கு எல்காட் வழியாகக் கொள்முதல் செய்யப்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்டவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர் பதிப்பும் பாஸ் லினக்ஸும் இரட்டை இயக்குதளங்களாக நிறுவப்பட்டிருந்தன. இதனால் லினக்ஸைத் தேடிச் செல்லாத மாணவர்களின் கைகளுக்கும் அது சென்று சேர்ந்தது.

விழுப்புரமும், அதற்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் சென்னை செல்லும் வழியில் உள்ள திண்டிவனமும், சுற்றியுள்ள சிற்றூர்களின் மாணவர்கள் வந்து பயிலும் ஊர்களாகும். விழுப்புரத்தில் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும், திண்டிவனத்தில் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரியும் உள்ளன. அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகளும் இரு ஊர்களிலும் இயங்குகின்றன. சிற்றூரிலிருந்து வரும் மாணவர் ஒருவரின் வீட்டில் கம்பிவழி அகலப்பட்டை இணைப்பு இல்லாதிருக்கலாம். அத்தகையோருக்குக் கைப்பேசியே இணையத்தின் வாயில். மடிக்கணினியின் வைஃபை அக்கைப்பேசியுடன் இணையும் பாலம். அவ்வைஃபை லினக்ஸில் மட்டும் இயங்காமற் போனால், அம்மாணவர் லினக்ஸை விட்டு விலகுவதே இயல்பாக நிகழும்.

விழுப்புரத்தில் தொடங்கிய விஜிலக் எனப்படும் குனு/லினக்ஸ் பயனர் குழு, அப்பகுதி மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள்கள் குறித்த பயிற்சிகளை அளித்து வருகின்றது. 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கணியம் மின்னிதழ் லினக்ஸ் குறித்த கட்டுரைகளைத் தமிழில் வெளியிட்டு வருகின்றது.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்றும் முடிவடைந்தன. பழைய மடிக்கணினிகளைப் பாதுகாப்பாகத் தொடர்ந்து பயன்படுத்த லினக்ஸ் ஒரு வழியாக இருப்பதால், வைஃபை சிக்கல்களைத் தீர்க்கும் அறிவின் தேவை குறையவில்லை.

சிக்கலைக் கண்டறியும் முறை

சில்லை அடையாளம் காணல்

மடிக்கணினியின் மேல் அச்சிடப்பட்ட நிறுவனப் பெயர் வைஃபை சிக்கலைத் தீர்க்க உதவாது. ஒரே பெயரும் ஒரே மாதிரி எண்ணும் கொண்ட இரு மடிக்கணினிகளில் வெவ்வேறு நிறுவனங்களின் வைஃபை சில்லுகள் இருக்கக்கூடும். எனவே முதலில் சில்லை அறிய வேண்டும். முனையத்தில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை பிசிஐ சாதனங்களையும், எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை யூஎஸ்பி சாதனங்களையும் பட்டியலிடும். எல்எஸ்பிசிஐ கட்டளையுடன் என்என்கே என்ற தெரிவைச் சேர்த்தால், சாதனத்தின் அடையாள எண்ணும் அதனை இயக்கும் கர்னல் கூறின் பெயரும் கிடைக்கும். அடையாள எண் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி உற்பத்தியாளரையும் இரண்டாம் பகுதி சில்லின் வகையையும் சுட்டும். எடுத்துக்காட்டாக, 8086 என்ற முதற்பகுதி இன்டெல் நிறுவனத்துக்கு உரியது. உதவி கேட்கும்போது மடிக்கணினியின் பெயரைவிட இவ்வெண்ணைத் தருவதே பயனுள்ளது.

பட்டியலில் வைஃபை அட்டையே காணப்படாவிடில், கோளாறு இயக்கியில் இல்லை. அட்டை தளர்ந்திருக்கலாம், பழுதடைந்திருக்கலாம், அல்லது பயாஸ் அமைப்பில் முடக்கப்பட்டிருக்கலாம். இந்நிலையில் மென்பொருளை மீண்டும் மீண்டும் நிறுவுவதால் பயனில்லை.

சில யூஎஸ்பி வைஃபை கருவிகள் முதலில் தம்மைக் குறுந்தட்டு இயக்ககமாகக் காட்டிக்கொள்ளும். விண்டோஸ் இயக்கியை உள்ளே வைத்து விற்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு இது. யூஎஸ்பி-மோட்சுவிட்ச் என்ற மென்பொருள் இவற்றை வைஃபை நிலைக்கு மாற்றும்.

இயக்கி ஏற்றப்பட்டுள்ளதா எனச் சோதித்தல்

மேற்கூறிய கட்டளையின் விடையில், பயன்பாட்டிலுள்ள இயக்கியைக் காட்டும் வரி இல்லையெனில் அச்சில்லுக்குரிய இயக்கி ஏற்றப்படவில்லை. இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம்.

முதலாவது, சில்லு புதியதாகவும் கர்னல் பழையதாகவும் இருத்தல். ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிடபிள்யூ88 இயக்கி 2019ஆம் ஆண்டின் 5.2 கர்னலிலும், மீடியாடெக்கின் எம்டி7921 சில்லுக்கான இயக்கி 2021ஆம் ஆண்டின் 5.12 கர்னலிலுமே சேர்க்கப்பட்டன. இவற்றுக்கு முந்திய கர்னலைக் கொண்ட வழங்கல்களில் அச்சில்லுகள் இயங்கா. புதிய கர்னலை நிறுவுவதே இதற்கான முறையான தீர்வு.

இரண்டாவது, தடுப்புப் பட்டியல். ஒரே சில்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இயக்கிகள் இருக்கும்போது, அவற்றுள் ஒன்று மாட்புரோப்-டி கோப்புறையிலுள்ள அமைவுக் கோப்புகளில் தடுக்கப்பட்டிருக்கலாம். பிராட்காம் சில்லுகளில் இது அடிக்கடி நிகழும்.

மூன்றாவது, பாதுகாப்பான தொடக்கம் எனப்படும் செக்யூர் பூட். கர்னலுக்கு வெளியிலிருந்து பெற்றுத் தொகுக்கப்பட்ட இயக்கி கையொப்பம் இடப்படாதிருந்தால், இவ்வமைப்பு அதனை ஏற்க மறுக்கும். இயக்கி சரியாக நிறுவப்பட்டும் இயங்காத நிலைக்கு இது காரணமாகலாம்.

நிலைபொருள் கிடைக்கின்றதா எனச் சோதித்தல்

கர்னலின் பதிகையை டிமெசெக் கட்டளை காட்டும். நிலைபொருள் கோப்பு கிடைக்காதபோது, அதனை ஏற்றும் முயற்சி -2 என்ற பிழை எண்ணுடன் தோல்வியுற்றதாகக் கோப்பின் பெயரோடு ஒரு வரி அதில் காணப்படும். -2 என்பது "அப்பெயரில் கோப்பு இல்லை" என்பதன் குறியீடாகும். இவ்வரி பயனருக்கு அச்சமூட்டினாலும் மிகவும் உதவியானது. எந்தக் கோப்பு தேவை என்பதை இது துல்லியமாகச் சொல்லிவிடுகின்றது. அக்கோப்பைக் கொண்ட பொதியை நிறுவி, இயக்கியை மீண்டும் ஏற்றினால் பெரும்பாலும் சிக்கல் தீரும். ஒரே நிலைபொருளின் பல பதிப்புகளை இயக்கி ஒன்றன்பின் ஒன்றாகத் தேடுவதுண்டு. புதிய பதிப்பு கிடைக்காமல் பழைய பதிப்பு கிடைத்துவிட்டால், முதலில் தோன்றிய பிழை வரியைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வானொலி அணைக்கப்பட்டுள்ளதா எனச் சோதித்தல்

ஆர்எஃப்கில் கட்டளையுடன் லிஸ்ட் என்ற சொல்லைச் சேர்த்தால் ஒவ்வோர் அலைபரப்பியின் நிலையும் தெரியும். தடை இரு வகைப்படும். மென்தடை மென்பொருளால் ஏற்பட்டது. அதே கட்டளையின் அன்பிளாக் தெரிவால் நீக்கக்கூடியது. வன்தடை மடிக்கணினியின் பக்கவாட்டு விசையாலோ செயற்பாட்டு விசையாலோ ஏற்பட்டது. அதனைக் கட்டளையால் நீக்க முடியாது.

விசையே இல்லாத சில லெனோவா மாதிரிகளில், ஐடியாபேட்-லேப்டாப் என்ற கர்னல் கூறு வன்தடை இருப்பதாகத் தவறாக அறிவித்ததுண்டு. அக்கூறை நீக்கியவுடன் வைஃபை இயங்கினால் காரணம் உறுதியாகும்.

அலைவரிசையும் நாட்டு விதியும்

2.4 கிகாஹேர்ட்ஸ் பட்டையில் இந்தியாவில் 1 முதல் 13 வரையிலான அலைவரிசைகளைப் பயன்படுத்தலாம். அமெரிக்க விதியில் 12, 13 ஆகியவை தவிர்க்கப்படுகின்றன. திசைவி 13ஆம் அலைவரிசையில் இயங்கி, மடிக்கணினி அமெரிக்க விதியைப் பின்பற்றினால், அருகிலுள்ள கைப்பேசிக்குத் தெரியும் வலையமைப்பு மடிக்கணினிக்குத் தெரியாது. ஐடபிள்யூ கட்டளையின் ரெக் என்ற பிரிவு நடப்பு விதியைக் காட்டவும், இந்தியாவுக்குரிய ஐஎன் என்ற குறியீட்டை அமைக்கவும் உதவும். திசைவியின் அலைவரிசையை 1, 6, 11 ஆகியவற்றுள் ஒன்றாக மாற்றுவது இதைவிட எளிய தீர்வாகும்.

கடவுச்சொல்லும் முகவரியும்

வலையமைப்பின் பெயர் பட்டியலில் தெரிந்து, கடவுச்சொல் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டால், முதல் நான்கு படிகளும் பெரும்பாலும் சரியாக உள்ளன எனக் கொள்ளலாம். கடவுச்சொல் தவறு, குறைந்த அலைவலு, திசைவியின் குறியாக்க முறையை இயக்கி ஆதரிக்காமை ஆகியவற்றை அடுத்து ஆராய வேண்டும். சான்றிதழ் வழியே சரிபார்க்கும் வளாக வலையமைப்புகளில், கணினியின் கடிகாரம் பிழையாக இருப்பதும் இணைப்பைத் தடுக்கும். தாய்ப்பலகை மின்கலம் தீர்ந்துபோன பழைய மடிக்கணினிகளில் இது நிகழ்வதுண்டு.

இணைப்பு ஏற்பட்டும் 169.254 எனத் தொடங்கும் முகவரி காணப்பட்டால், திசைவி முகவரி வழங்கவில்லை என்று பொருள். முகவரி சரியாக இருந்து, எண் முகவரிகளுக்குப் பிங் கட்டளை விடை பெற்றும் தளப்பெயர்கள் திறக்கவில்லையெனில், கோளாறு பெயர் வழங்கியில் உள்ளது. இவ்விரு நிலைகளிலும் இயக்கியை மாற்றுவது தேவையற்றது.

இணையமின்றி நிலைபொருளைப் பெறுதல்

இணையம் இல்லாமையைத் தீர்க்கத் தேவையான கோப்பு இணையத்திலேயே இருப்பது இச்சிக்கலின் முரண். இதற்குப் பின்வரும் வழிகள் உள்ளன.

* கைப்பேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்தல்: ஆண்ட்ராய்டு கைப்பேசியில் யூஎஸ்பி டெதரிங் என்ற வசதியை இயக்கினால், லினக்ஸ் அதனைக் கம்பிவழி வலையமைப்பாகவே கருதும். இதற்கான இயக்கி கர்னலிலேயே உள்ளது. தனி நிலைபொருள் தேவையில்லை. கம்பிவழி இணைப்பு இல்லாத வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் இதுவே மிக எளிய வழி.
* கம்பிவழி இணைப்பு: ஈதர்நெட் துளை உள்ள மடிக்கணினியைத் திசைவியுடன் வடத்தால் இணைக்கலாம். பெரும்பாலான ஈதர்நெட் சில்லுகள் கூடுதல் மென்பொருளின்றி இயங்குபவை.
* மற்றொரு இயக்குதளம்: இரட்டை இயக்குதளம் உள்ள கணினியில் விண்டோஸில் பொதியைப் பதிவிறக்கி, விரலியில் சேமித்து, லினக்ஸில் நிறுவலாம்.

மூன்றாம் வழியில் ஒரு வேறுபாட்டை அறிந்திருத்தல் வேண்டும். நிலைபொருள் பொதிகள் பெரும்பாலும் பிற பொதிகளைச் சாராதவை. ஒரு கோப்பைக் கொண்டுவந்தால் போதும். ஆனால் டிகேஎம்எஸ் வகைப் பொதிகள் பயனரின் கணினியிலேயே இயக்கியைத் தொகுப்பதால், தொகுப்பி, கர்னல் தலைப்புக் கோப்புகள் ஆகியனவும் தேவைப்படும். பி43 இயக்கிக்கான நிலைபொருள் நிறுவி, நிறுவும் வேளையில்தான் உரிய கோப்பை இணையத்திலிருந்து இறக்கும். எனவே அதனை விரலியில் கொண்டுவருவதால் மட்டும் பயனில்லை.

சில்லு வகைகளும் வழமையான சிக்கல்களும்

* இன்டெல்: ஐடபிள்யூஎல்வைஃபை இயக்கி கர்னலில் உள்ளது. நிலைபொருள் மூடிய மூலமாயினும் பகிர அனுமதி உண்டு. நிலைபொருள் பொதி இல்லாமையே வழமையான சிக்கல்.
* ஆதரோஸ்: ஏடிஎச்9கே இயக்கியின் பிசிஐ சில்லுகளுக்கு நிலைபொருள் வேண்டா. பிற்கால ஏடிஎச்10கே, ஏடிஎச்11கே இயக்கிகளின் சில்லுகளுக்கு வேண்டும்.
* பிராட்காம்: பி43, பிஆர்சிஎம்எஸ்மேக், டபிள்யூஎல் ஆகிய இயக்கிகளுள் சில்லுக்கு ஏற்ற ஒன்று மட்டுமே ஏற்றப்பட வேண்டும். இரண்டு போட்டியிட்டால் எதுவும் இயங்காமற் போகலாம்.
* ரியல்டெக்: விலை குறைந்த மடிக்கணினிகளில் பரவலாகக் காணப்படுவது. ஆர்டிஎல்8723பிஇ சில்லு கொண்ட சில மாதிரிகளில் ஒரே ஒரு அலைவாங்கி மட்டும் பொருத்தப்பட்டிருக்கும். இயக்கி பொருத்தப்படாத முனையைத் தேர்ந்தெடுப்பதால், திசைவியின் அருகிலன்றி அலைவலு கிடைக்காது. ஏஎன்டி-செல் என்ற அளபுருவுக்கு 1 அல்லது 2 என்ற மதிப்பைத் தருவதால் இது தீரும்.
* மீடியாடெக்: புதிய மடிக்கணினிகளில் காணப்படுவது. புதிய கர்னலும் புதிய நிலைபொருளும் சேர்ந்திருத்தல் வேண்டும்.

விட்டுவிட்டு வரும் இணைப்பு

இணைப்பு ஏற்பட்டுச் சில நிமிடங்களில் அறுந்துபோவதற்கு மின்சேமிப்பு ஒரு முதன்மையான காரணமாகும். மின்கலத்தைச் சேமிக்க, அட்டையை இயக்கி இடையிடையே உறங்கவைக்கும். சில சில்லுகள் இதிலிருந்து சரியாக விழிப்பதில்லை. ஐடபிள்யூ கட்டளையால் மின்சேமிப்பைத் தற்காலிகமாக அணைத்துச் சோதித்து, பயன் தெரிந்தால் நெட்வொர்க்மேனேசரின் அமைவுக் கோப்பில் அதனை நிலைப்படுத்தலாம். மடிக்கணினி உறக்கத்திலிருந்து எழுந்த பின் மட்டும் வைஃபை மறைந்தால், மாட்புரோப் கட்டளையால் இயக்கியை நீக்கி மீண்டும் ஏற்றுவது பெரும்பாலும் உதவும்.

இரட்டை இயக்குதளக் கணினிகளில் மற்றொரு காரணமும் உண்டு. 2012ஆம் ஆண்டு வெளியான விண்டோஸ் 8 முதல் விரைவுத் தொடக்கம் என்ற வசதி உள்ளது. இதனால் விண்டோஸ் முழுமையாக அணையாமல் பகுதி உறக்க நிலைக்குச் செல்கின்றது. வைஃபை அட்டை அந்நிலையிலேயே விடப்பட்டு, அடுத்துத் தொடங்கும் லினக்ஸால் அதனை எழுப்ப இயலாமற் போகலாம். "நேற்று இயங்கியது, இன்று இயங்கவில்லை" என்ற வகைக் குறைகளில் இதனை முதலில் ஐயுறலாம். விண்டோஸில் அவ்வசதியை நிறுத்துவதே தீர்வு.

தவிர்க்க வேண்டியவை

பல வழிகாட்டிகளிலிருந்து கட்டளைகளைத் திரட்டி ஒரே நேரத்தில் செயற்படுத்துவது சிக்கலைப் பெருக்கும். எந்த மாற்றம் பயன் தந்தது, எது தீங்கு செய்தது எனப் பின்னர் பிரித்தறிய இயலாது. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்து, அதனைக் குறித்து வைத்து, விளைவைப் பார்த்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அறியாத இடத்திலிருந்து பெற்ற இயக்கியை மேலாளர் உரிமையுடன் நிறுவுவது பாதுகாப்பற்றது. கையால் தொகுக்கப்பட்ட இயக்கி, கர்னல் புதுப்பிக்கப்பட்டதும் இயங்காமற் போகும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். புதுப்பித்தலுக்குப் பின் சிக்கல் தோன்றினால், தொடக்கப் பட்டியலில் முந்தைய கர்னலைத் தேர்ந்து பார்ப்பது எளிய சோதனையாகும்.

லினக்ஸை நிறுவுவதற்கு முன்னரே, விரலியிலிருந்து அதனை நேரடியாக இயக்கி வைஃபை செயற்படுகின்றதா எனப் பார்ப்பது மேற்கூறிய பலவற்றையும் தவிர்க்கும்.

உரிமம் குறித்த கருத்து வேறுபாடு

மூடிய நிலைபொருளை லினக்ஸ் வழங்கலில் சேர்ப்பது முறையா என்பது நெடுநாள் விவாதமாகும். கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதனை ஏற்பதில்லை. அதன் நிலைப்பாட்டைப் பின்பற்றும் லினக்ஸ்-லிப்ரே கர்னலில் மூடிய நிலைபொருள்கள் நீக்கப்பட்டுள்ளன. மூல நிரல் இன்றிக் கிடைக்கும் நிரலை எவரும் ஆராயவோ திருத்தவோ இயலாது என்பது இத்தரப்பின் வாதம். நிலைபொருள் இல்லையேல் கணினியே பயன்படாது என்பதும், அதனை மறைப்பதால் புதிய பயனர்களே பாதிக்கப்படுகின்றனர் என்பதும் மறுதரப்பின் வாதம்.

டெபியன் திட்டம் 2011ஆம் ஆண்டு வெளியிட்ட தன் 6.0 பதிப்பில், கட்டற்றவை அல்லாத நிலைபொருள்களைக் கர்னலிலிருந்து பிரித்துத் தனிக் களஞ்சியத்தில் வைத்தது. இதனால் அதிகாரபூர்வ நிறுவியைப் பயன்படுத்திய பலர், நிறுவும்போதே வைஃபை இன்றித் தவித்தனர். 2022ஆம் ஆண்டில் நடைபெற்ற உறுப்பினர் வாக்கெடுப்பின்படி, 2023ஆம் ஆண்டு சூனில் வெளியான டெபியன் 12 முதல் அந்நிலைபொருள்கள் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்க்கப்படுகின்றன. டெபியன் வழிவந்த வழங்கல்கள் பல என்பதால் இம்மாற்றம் பரந்த விளைவுடையது.

இரு தரப்பும் உடன்படத்தக்க தீர்வு, நிலைபொருளின் மூல நிரலையும் நிறுவனங்களே வெளியிடுவதாகும். ஏடிஎச்9கே-எச்டிசி இயக்கிக்குரிய யூஎஸ்பி சில்லுகளின் நிலைபொருள் 2013ஆம் ஆண்டில் இவ்வாறு கட்டற்ற மென்பொருளாக வெளியிடப்பட்டது. எனினும் இது விதிவிலக்காகவே உள்ளது. பழைய சில்லொன்றின் நிலைபொருளில் பிழை இருந்து, நிறுவனம் அதற்கான ஆதரவை நிறுத்திவிட்டால், மற்ற உறுப்புகள் யாவும் நன்னிலையில் உள்ள மடிக்கணினியிலும் அப்பிழையைத் திருத்த எவராலும் இயலாது. பள்ளியில் பெற்ற மடிக்கணினியைப் பல ஆண்டுகள் பயன்படுத்த விரும்பும் மாணவருக்கு இவ்விவாதம் நேரடித் தொடர்புடையது.

இவற்றையும் பார்க்க

* லினக்ஸ் கர்னல்
* வைஃபை
* நிலைபொருள்
* டெபியன்
* பாஸ் லினக்ஸ்
* கட்டற்ற மென்பொருள்
* மீள்பொறியியல்